பற்று நோட்டும் டாக்கரும்

"பி.காம் படிக்கிற பையனுக்கு லினக்ஸ் சர்வரோட என்னடா வேலை?"

நெய்வேலி 21-ம் வட்டத்தில் ஒரு குவார்ட்டர்ஸ். ராத்திரி பதினொன்றரை மணி. கேட்டது அம்மா. கேட்கப்பட்டவன் இரண்டாம் வருஷ வணிகவியல் மாணவன். அவனிடம் பதில் இருந்தது, ஆனால் பதினொன்றரை மணிக்கு அம்மாவிடம் சொல்கிற மாதிரியான பதில் இல்லை. "ஒண்ணுமில்லம்மா, தூங்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். அவன் பெரியப்பாவுக்கு மந்தாரக்குப்பத்தில் மளிகைக்கடை. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுக்காரர்கள். மாசம் முழுக்கப் பற்று, சம்பளம் வந்தால் வரவு. கடையின் மொத்த உயிரும் ஒரு நீள நோட்டில் இருந்தது. அந்த நோட்டைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன் என்று அவன் ஆடி மாசத்தில் வாய் விட்டுவிட்டான்.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க மனசில்லை. தேடியதில் கிடைத்தது ஈஆர்பிநெக்ஸ்ட். மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கிய ஃப்ராப்பே நிறுவனத்தின் தயாரிப்பு. திறந்த மூல மென்பொருள். பேரேடு, சரக்கிருப்பு, ஜிஎஸ்டி எல்லாம் உண்டு. அக்கவுண்டன்சி படித்தவன் பார்த்தால் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

உள்ளே போன பிறகுதான் சொந்த ஊர். வாசல் வரைக்கும் போவது பெரும் பாடு. ஈஆர்பிநெக்ஸ்ட் என்பது ஒற்றைப் புரோகிராம் கிடையாது. அதற்கு பைத்தான் வேண்டும், நோட் வேண்டும், தரவைச் சேமிக்க மரியா டிபி வேண்டும், ரெடிஸ் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க எஞ்சின்-எக்ஸ் வேண்டும். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பதிப்பில் வேண்டும். பழைய கணினி ஒன்றில் 8 ஜிபி ராம் போட்டு உபுண்டு சர்வரை ஏற்றி வைத்திருந்தான். அவன் படித்த கையேட்டில் ஒரு பைத்தான், உபுண்டுவோடு வந்தது வேறு பைத்தான். பைத்தானை மாற்றினால் வேறு ஏதோ உடைந்தது. அதைச் சரி செய்தால் மரியா டிபி முறைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டது மூன்றாவது ஞாயிறு ராத்திரி.

நாலாவது ஞாயிறு அவன் டாக்கருக்கு வந்து சேர்ந்தான்.

டாக்கர் என்றால் என்ன என்பதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்கக் கப்பல், துறைமுகம் என்று சுற்ற வேண்டும். நெய்வேலிக்காரர்களுக்கு குவார்ட்டர்ஸ் என்ற ஒரு சொல் போதும் :)

வடலூரில் மனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்டுகிறவர் போர் போட வேண்டும், மோட்டார் வைக்க வேண்டும், மின் இணைப்புக்கு அலைய வேண்டும். எல்லாமே அவருடையது, எல்லாச் செலவும் அவருடையது. கணினி உலகத்தில் இதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர். ஒரு கணினிக்குள்ளே இன்னொரு முழுக் கணினி, தனி இயங்குதளத்தோடு. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் அப்படி இல்லை. தண்ணீரும் கரன்டும் எல்லார் வீட்டுக்கும் பொது. ஆனால் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் உங்கள் சமையலறை உங்களுடையது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தாலும் உங்கள் அடுப்பில் பாயசம் வைக்கலாம். டாக்கரில் இந்த வீட்டுக்குப் பெயர் கன்டெய்னர். பொதுவான தண்ணீரும் கரன்டும்தான் லினக்ஸ் கெர்னல். ஒரு வீட்டில் பழைய பைத்தான், அடுத்த வீட்டில் புது பைத்தான், சண்டை கிடையாது. அதே சமயம் தண்ணீர்த் தொட்டியில் கோளாறு என்றால் எல்லா வீட்டுக்கும் கோளாறு. அதையும் மறைக்கக் கூடாது.

இது ஒரே நாளில் வந்த யோசனை இல்லை. ஒரு புரோகிராமுக்கு வட்டின் ஒரு பகுதியை மட்டும் காட்டி, உலகமே இவ்வளவுதான் என்று நம்ப வைக்கிற சிஎச்ரூட் 1979-லேயே யூனிக்ஸில் வந்துவிட்டது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டியில் ஜெயில். எந்தப் புரோகிராம் எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் எடுக்கலாம் என்று ரேஷன் போடும் சிகுரூப்ஸ் வேலையை கூகுளில் இருந்த பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-ல் தொடங்கினார்கள். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் அது சேர்ந்தது. அதில் நினைவகத்துக்கான ரேஷனை எழுதியவர்களில் முக்கியமானவர் ஐபிஎம்மின் இந்திய லினக்ஸ் பிரிவில் இருந்த பல்பீர் சிங். உலகம் முழுக்க கன்டெய்னர்களை ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

இப்படிச் சிதறிக் கிடந்தவற்றைக் கட்டி, சாதாரண ஆள் தொடுகிற மாதிரி ஆக்கியது டாக்கர். 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்தே நிமிஷத்தில் அதைக் காட்டினார்.

பெயர் கப்பல் கன்டெய்னரிலிருந்து வந்தது. வணிகவியல் மாணவனுக்கு அந்தக் கதை விருந்து. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி, நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட். பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட்டுக்கும் கீழே என்று கணக்கிட்டார்கள். உள்ளே என்ன சரக்கு என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை என்பதுதான் சூட்சுமம். அதே 1956-ல், நவம்பர் 14 அன்றுதான் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. இருந்தாலும் அவன் இதைக் கண்டுபிடித்த அன்று ஹாஸ்டல் நண்பர்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சரி, நிறுவுகிற கதைக்கு வருவோம்.

உபுண்டுவில் டாக்கர் என்று தேடினால் இரண்டு டாக்கர் கிடைக்கும். உபுண்டுவே கட்டித் தருகிற பொட்டலம் ஒன்று, டாக்கர் நிறுவனம் தன் களஞ்சியத்திலிருந்து தருவது ஒன்று. இரண்டையும் கலந்தால் வம்பு. முதலாவது ஏற்கெனவே இருந்தால் நீக்கிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். பிறகு டாக்கர் நிறுவனத்தின் சாவிக் கோப்பை இறக்கி வைக்க வேண்டும். வருகிற பொட்டலம் உண்மையிலேயே அவர்களுடையதுதானா என்று ஆப்ட் சரிபார்ப்பது இந்தச் சாவியை வைத்துத்தான். அடுத்து களஞ்சியத்தின் முகவரியைப் பட்டியலில் சேர்த்து, ஆப்ட் அப்டேட் கொடுத்து, எஞ்சின், கட்டளைக் கருவி, கன்டெய்னர்-டி, பில்ட்-எக்ஸ், கம்போஸ் என்று ஐந்து பொட்டலங்களை நிறுவ வேண்டும். கடைசியாக ஹலோ வேர்ல்டு என்ற குட்டிக் கன்டெய்னரை ஓட்டினால் அது வணக்கம் சொல்லிவிட்டுச் செத்துப்போகும். சொன்னால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

மூன்று ஞாயிறு அழுதவனுக்கு இது இருபது நிமிஷத்தில் முடிந்தது. அதுதான் ஆபத்தே. சுலபமாக வந்ததை யாரும் முழுசாகப் படிப்பதில்லை.

ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் சூடோ போட அலுப்பாக இருந்ததால் தன் பெயரை டாக்கர் குழுவில் சேர்த்தான். எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர் நினைத்தால் கணினியின் முழு நிர்வாகியாகிவிடலாம், கடவுச்சொல்லே இல்லாமல். டாக்கரின் கையேடே இதை எச்சரித்துச் சொல்கிறது. இன்னொன்று, யூஎஃப்டபிள்யூ என்ற தீயரணைப் போட்டு எல்லாக் கதவையும் சாத்திவிட்டதாக நிம்மதியாக இருந்தான். டாக்கர் ஒரு போர்ட்டை வெளியே திறந்தால் அது யூஎஃப்டபிள்யூவின் விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வாசலில் வாட்ச்மேன் நிற்கிறார், கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது. கடையின் வைஃபையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். ஈஆர்பிநெக்ஸ்டின் மாதிரிக் கோப்பில் நிர்வாகியின் கடவுச்சொல் அட்மின் என்றே இருக்கும். நல்லவேளை, அதை முதல் நாளே மாற்றியிருந்தான்.

பழைய கையேடுகளில் டாக்கர், கம்போஸ் என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவே சின்னக் கோடு இருக்கும். இப்போது கோடு கிடையாது, இடைவெளிதான். கோடு போட்ட பழைய கருவிக்கு 2023 ஜூலையோடு ஆதரவு நின்றுவிட்டது. இந்த ஒரு கோட்டுக்காக ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

ஆவணியில் கணினி கடைக்குப் போனது. கல்லா மேஜைக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். கரன்ட் போனால் (கரன்ட் தயாரிக்கிற ஊருக்குப் பக்கத்திலேயே கரன்ட் போகும், அது தனிக் கதை) திரும்ப வந்ததும் எல்லாக் கன்டெய்னர்களும் தானாக எழுந்திருக்கும்படி செய்தான். பெரியப்பா இரண்டு மாசம் நோட்டிலும் எழுதினார், கணினியிலும் போடச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போயிற்று. ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, இருக்கிற சரக்கை எல்லாம் எண்ணி அட்டையில் குறித்து, நோட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தார். விஜயதசமி அன்று நோட்டை மேல் தட்டில் ஏற்றிவிட்டு, "இனிமே உன் மிஷினுதான் தம்பி" என்றார்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. பக்கம் திறக்கவில்லை. கடையில் கூட்டம். ஃபோன் வந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். எல்லாக் கன்டெய்னர்களையும் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் சரியாகும் என்று அவனுக்குத் தெரியும், ஏற்கெனவே இரண்டு தடவை செய்திருக்கிறான். இறக்குவதற்கு கம்போஸ் டவுன். இந்தத் தடவை என்ன கோளாறு என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லட்டுமே என்று கூடவே மைனஸ் வி போட்டான். கோப்பை நகலெடுக்கிற கட்டளையில் மைனஸ் வி போட்டால் நடப்பதை விவரமாகச் சொல்லும். டார் கட்டளையிலும் அப்படியே. லினக்ஸில் பாதிக் கட்டளைகளுக்கு வி என்றால் விவரம்.

கம்போஸ் டவுனில் வி என்றால் வால்யூம்.

இங்கே திரும்பவும் குவார்ட்டர்ஸுக்கு வர வேண்டும். வேலையில் இருந்து ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சுவரில் நீங்கள் அடித்த பெயின்ட், கொல்லையில் வைத்த முருங்கை எல்லாம் அங்கேயே போகும். பீரோவும் அதற்குள் இருக்கிற பத்திரமும் உங்களோடு லாரியில் வரும். கன்டெய்னரை இறக்குவதும் வீட்டைக் காலி செய்வதுதான். உள்ளே எழுதியது எதுவும் மிஞ்சாது. மிஞ்ச வேண்டியதை வால்யூம் என்கிற பீரோவில் வைத்திருக்க வேண்டும். மரியா டிபியின் தரவு பீரோவில்தான் இருந்தது, அதையெல்லாம் அந்த மாதிரிக் கோப்பு சரியாகவே செய்திருந்தது. மைனஸ் வி என்பது வீட்டைக் காலி செய்கிறபோதே பீரோவையும் கொளுத்திவிடு என்கிற உத்தரவு. நிஜமாகவா என்று ஒரு கேள்வி கேட்காது. திரையில் நாலைந்து வரி வந்தது, ஒவ்வொன்றின் முடிவிலும் நீக்கப்பட்டது என்று. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

மறுபடி ஏற்றினான். பக்கம் பளிச்சென்று திறந்தது. உங்கள் மொழி எது, உங்கள் நாடு எது என்று கேட்டது.

தினசரி காப்பு நகல் இருக்கிறதே என்று ஒரு நொடி தெம்பு வந்தது. ஈஆர்பிநெக்ஸ்ட் தானாகவே நகல் எடுத்து வைக்கும், உண்மைதான். எங்கே வைக்கும்? தளத்தின் கோப்புகள் இருக்கிற அதே இடத்தில். அதுவும் ஒரு வால்யூம். பீரோவின் மாற்றுச் சாவியைப் பத்திரமாக பீரோவுக்குள்ளேயே வைத்த கதை.

விஜயதசமியிலிருந்து அன்று வரைக்கும் உள்ள பற்று முழுக்கப் போயிற்று. வருஷத்திலேயே அதிகமாகப் பற்று ஏறுகிற நாட்கள் அவை. கடலை மாவு, எண்ணெய், வெல்லம், நெய். யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று எங்கேயும் எழுத்தில் இல்லை.

கூட்டம் போகிற வரைக்கும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கின பிறகு சொன்னான். பெரியப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் மேஜைக்குக் கீழே இருக்கிற பெட்டியைப் பார்த்தார். அப்புறம், "மேல இருக்கிற நோட்டை எடுடா" என்றார்.

அந்த ராத்திரி உதவியது டாக்கரும் இல்லை, லினக்ஸும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தின் முதல் பாடம். முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள். படிக்கிறபோது இதெல்லாம் இந்தக் காலத்தில் யாருக்கு என்று எல்லாரும் சிரித்த பாடம்.

ஆயுத பூஜைக்கு எண்ணின சரக்கு அட்டை குப்பைக்குப் போகவில்லை. விற்பனை விலையில் போட்டால் 2,86,400 ரூபாய். மொத்த வியாபாரிகளின் பில் எல்லாம் கம்பியில் குத்தி வைத்திருந்தது. அதே விலையில் 1,52,300. மிச்சமிருக்கிற சரக்கை இரண்டு பேரும் விடிகிற வரைக்கும் எண்ணினார்கள், 2,31,500. ஆக விற்றது 2,07,200. தினமும் கல்லாவில் சேர்ந்த ரொக்கத்தையும் ஜிபேயையும் பெரியப்பா நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதுவார், நாற்பது வருஷப் பழக்கம். பழைய பாக்கிக்கு வந்ததைக் கழித்தால் 1,65,940. அப்படியானால் பற்றாகப் போனது 41,260.

மொத்தம் கிடைத்துவிட்டது. யார் யாருக்கு எவ்வளவு என்பது கிடைக்கவில்லை. அதைப் பேரேடு சொல்லும், வேறெதுவும் சொல்லாது.

மறுநாள் கடைக்கு வந்தவர்களிடம் பெரியப்பா ஒளிக்காமல் சொன்னார். "நம்ம தம்பி கம்ப்யூட்டர்ல ஒண்ணை அழுத்திட்டான், கணக்கு போயிடுச்சு. உங்க ஞாபகத்துல எவ்வளவோ அதைச் சொல்லுங்க." அவன் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்து எழுதினான். அந்த மூன்று நாளில் அவன் தலை நிமிர்ந்த மாதிரி யாரும் பார்க்கவில்லை. சிலர் கைபேசியில் குறித்து வைத்திருந்ததைக் காட்டினார்கள். ஒரு அக்கா இரண்டு கிலோ வெல்லமா மூன்று கிலோவா என்று யோசித்துவிட்டு, மூன்றென்றே போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒருவர் மட்டும் இரண்டு நாள் கடைப்பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, நைட் ஷிஃப்ட் என்றார்.

கூட்டினால் 39,880 வந்தது. இடிக்கிற 1,380 ரூபாயில் எவ்வளவு மறதி, எவ்வளவு எடைச் சேதாரம், எவ்வளவு அந்த விடியற்காலையில் தப்பாக எண்ணியது என்று பிரிக்க வழியில்லை. வராக்கடன் என்று எழுதலாமா என்று கேட்டான். "யார் வராத கடன்னு எழுதுவ? பேர் வேணும்ல. என் பேர்ல எழுது" என்றார் பெரியப்பா.

கணினி இப்போதும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரி ஷட்டர் இறக்குமுன் காப்பு நகல் ஒன்று கன்டெய்னருக்கு வெளியே, வால்யூமுக்கும் வெளியே, ஒரு பென்டிரைவுக்குப் போகிறது. பென்டிரைவ் கடைச் சாவிக் கொத்தில் தொங்குகிறது. மாசம் ஒரு தடவை அந்த நகலை வீட்டில் வேறு கணினியில் ஏற்றிப் பார்க்கிறான், திறக்கிறதா என்று. நீள நோட்டு மேல் தட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. பெரியப்பா அதிலும் எழுதுகிறார்.

அவன் விசைப்பலகையைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும், பருப்பு அளந்துகொண்டே ஒரு கேள்வி வரும்:

"தம்பி, அந்த வி-யைப் போட்டுடல இல்ல?"